சுயாக்கில் யாருக்கு எந்த மாத்திரை

இந்த ஆராய்ச்சி நர்ஸ் வேலைக்கு வந்ததும் உங்கள் எல்லோருக்கும் ஒரு கையேடு கொடுத்திருப்பார்கள். அதில் ‘ஆராய்ச்சியில் மக்கள் பங்கேற்பு’ என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. போன வாரம் புரட்டிப் பார்த்தேன், அழகாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.  அந்த அத்தியாயம் அன்றைக்கே என் கையில் இருந்திருந்தாலும் மொரீஷியஸில், சுயாக் என்ற ஊரில் நான் பட்ட குழப்பம் குறைந்திருக்குமா என்று யோசித்தேன். குறைந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பலநாள் நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. புத்திமதி எதிர்பார்த்து வந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். பாதி விஷயம் எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

என் கணவருக்கு மொரீஷியஸில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. நாகர்கோவிலில் நர்ஸாக இருந்த நான் அவரோடு வந்து சேர்ந்தேன். ஆடைத் தொழிற்சாலைகள் மழைக்காலத்துக் காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. கடற்கரை ஓரமெல்லாம் ஓட்டல்கள் கட்டினார்கள். கரும்புக் காட்டில் குனிந்து கிடந்த வீட்டுப் பெண்கள், விடியற்காலையில் பஸ் ஏறிப் போய் ஐரோப்பாவுக்கு ஸ்வெட்டர் தைத்தார்கள். கையில் கொஞ்சம் காசு புழங்கியது. கூடவே உடம்பில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறின.

அழுத்தம் நிறைய ஏறினால் மருந்து தரவேண்டும் என்பதில் அப்போதும் யாருக்கும் சந்தேகம் இல்லை. கொஞ்சமாக ஏறியிருந்தால்? அதற்கும் மாத்திரை தருவதால் நன்மையா, வீண் தொல்லையா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே சண்டை. அதைக் கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். பாம்ப்ளமூஸ், மாயெபூர், சுயாக் என்று மூன்று இடங்கள். சேர்ந்தவர்களில் பாதிப்பேருக்கு உண்மையான மருந்து, சிறுநீரை அதிகம் போகவைத்து அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை. மீதிப்பேருக்கு அதே உருவத்தில், அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, எங்கள் பெரிய டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் எங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்பது காரணம். என் முகத்தை ஒருதரம் பார்த்தவர்களுக்கு அந்தக் காரணம் உடனே புரியும்.

அந்த ஆராய்ச்சியில் நர்ஸாகச் சேர்ந்த என்னை, தமிழ் தெரியும் என்பதால் சுயாக்குக்குப் போட்டார்கள். அங்கே தமிழர்கள் உண்டு. தமிழ் கோவிலுக்குள் மட்டும் உண்டு. தேவாரம் பிசகாமல் பாடுவார்கள், அக்கா தங்கச்சி என்று கூப்பிடுவார்கள், மற்றபடி பேச்செல்லாம் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழி. நான் கிரியோல் கற்றுக்கொண்டு தப்பித்தேன். இங்கே அவர்கள் பேச்சை என் காதில் விழுந்த மாதிரி தமிழில் சொல்கிறேன்.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். ஊரில் ஒரு குழு அமைத்து, அதோடு கலந்து பேசியே எல்லாம் செய்யவேண்டும். அமைத்தோம். கோவில் தலைவர் வந்தார், கடைக்காரர் ஒருவர் வந்தார், பெண்கள் சார்பில் சுந்தரி வந்தார். சுந்தரி ஸ்வெட்டர் தொழிற்சாலையில் தையல்காரி. சனிக்கிழமைகளில் கோவில் சமையல்கட்டு அவர் ராஜ்யம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய அம்மா இரத்த அழுத்தம் ஏறிப் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சு இல்லாமல் நெடுநாள் கிடந்து போய்ச் சேர்ந்தவர். அந்த அம்மாவைப் புரட்டிப் போட்டு, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டதிலேயே வயது ஓடிவிட்டது. தங்கை மாலாவும் அதே வீட்டில்தான், அவரும் தையல்காரி. மாலாவின் கணவருக்கு ஓட்டல் வேலை, வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவார். அக்கா தங்கை இருவருக்கும் அழுத்தம் லேசாக ஏறியிருந்தது. இருவரும் ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள்.

குழுவிடம் நாங்கள் என்ன கேட்டோம் தெரியுமா? எந்தக் கிழமை வசதி, எத்தனை மணிக்கு பஸ், தேநீரோடு என்ன பலகாரம். பலகாரத்துக்கு மட்டும் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. பெரிய டாக்டர் மாவு மாத்திரை விஷயத்தையும் ஒளிக்காமல் விளக்கினார். சுந்தரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“யாருக்கு மருந்து, யாருக்கு மாவுன்னு யாரு பிரிக்கறது?”

“யாரும் பிரிக்கலை. வெளிநாட்டுல ஒரு லோர்தினாத்தேர், அது சீட்டுக் குலுக்கற மாதிரி பிரிச்சிடும்.” என்றார் டாக்டர். கம்ப்யூட்டரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“ஒரே வீட்டுல ரெண்டு பேர் இருந்தா?”

“அதுக்கு வீடெல்லாம் தெரியாது.”

சுந்தரி தலையாட்டினார். புரிந்துகொண்டார் என்று நாங்களும் தலையாட்டினோம்.

முதல் இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பெண்களில் சிலர் வந்து, “மதாம், சும்மா சும்மா ஒண்ணுக்கு வருது” என்று முறையிட்டார்கள். தொழிற்சாலையில் அது சின்ன விஷயம் இல்லை. கழிவறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் கேட்டு, அனுமதிக்கு அடையாளமாக ஒரு மரக்கட்டை வாங்கவேண்டும். அடிக்கடி கேட்டால் எல்லோர் முன்னாலும் வசவு. மாலாவும் அந்த வசவு வாங்கினவர். சுந்தரிக்கு அந்தத் தொல்லையே இல்லை. யாருக்கு எது என்று எனக்குத் தெரியக்கூடாது என்பதால் இதையெல்லாம் கேட்டும் கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு திடீரென்று முறையீடு நின்றது. நின்றது என்று சொல்வதும் சரியில்லை. எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். “கொஞ்சம் வருது மதாம். அவ்வளவா இல்லை.” முன்பு தொல்லை இல்லாதவர்களுக்கும் கொஞ்சம், தொல்லை இருந்தவர்களுக்கும் கொஞ்சம். தலைநகர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது: மற்ற இரண்டு ஊர்க்கணக்கும் புரிகிறது, சுயாக் மட்டும் கஞ்சி மாதிரி இருக்கிறது, உங்கள் கருவியைப் பாருங்கள்.

கருவியைப் பார்த்தேன். கருவியையே மாற்றினேன். கடற்காற்றில் மாத்திரை நமத்துப்போகிறதோ என்று புட்டிகளை அலமாரிக்குள் பூட்டி வைத்தேன். என் காதில் கோளாறோ என்று பெரிய டாக்டரே ஒருநாள் வந்து எல்லோருக்கும் அழுத்தம் பார்த்தார். என் எண்ணும் அவர் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. மாதக் கடைசியில் திரும்பி வரும் புட்டிகளைப் பார்த்தால் எல்லாம் சரியாகக் காலி. வீட்டில் கணவரிடம் புலம்பினேன். “பேய் பிடிச்சிருக்கும்” என்றார் அவர், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே.

சுந்தரியின் விஷயம்தான் இன்னும் விநோதம். எல்லோருக்கும் அழுத்த எண் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க, அவருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே ஏறியது. மாத்திரையைத் தூக்கி எறிகிறாரோ என்று சந்தேகம் வந்தது.

“சுந்தரி, ஒழுங்கா மாத்திரை போடறீங்களா?”

“புட்டி காலியாத்தானே இருக்கு, மதாம்?”

காலியாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால், அந்த அம்மாள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

தைப்பூசக் காவடி வந்தது. அங்கே அதற்குப் பத்து நாள் விரதம். அந்தத் தீவில் தை மாதம் நல்ல வெயில் காலம், புயல் சீசன் வேறு. மாலா காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார், ஒருவேளைச் சாப்பாடு. விரதத்தின் நடுவே வயிற்றுப்போக்கு வேறு பிடித்தது. அதோடு வேலைக்கும் போனார். லீவு போட்டால் அந்த மாதத்து வருகைப் படி போய்விடும். ஒரு மத்தியானம் தையல் மெஷினிலிருந்து எழுந்தவர், கால் மடங்கி அப்படியே விழுந்தார். கம்பெனி வேனில் எங்கள் மருந்தகத்துக்குத் தூக்கி வந்தார்கள். நல்லவேளை, பெரிய டாக்டர் அன்று சுயாக்கில் இருந்தார்.

நாடியைப் பிடித்தேன். ஓடியது, நின்றது, இரண்டு தாவல், மறுபடி நின்றது.  மாலா கண்ணைத் திறந்து, “கால் என்னோடது மாதிரி இல்லை” என்று முனகினார்.

டாக்டருக்கு உடனே தோன்றியது மாத்திரைதான். சிறுநீர் மாத்திரை உடம்பிலுள்ள பொட்டாசியம் என்ற உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். விரதமும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் இதயமே தடுமாறும். ஆபத்து நேரத்தில் மட்டும் தலைநகருக்குப் போன் செய்து, இந்த ஆளுக்கு எது கொடுத்தோம் என்று கேட்க எங்களுக்கு அனுமதி உண்டு. கேட்டார். காத்திருந்தோம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“மாவு.”

அப்பாடா என்று இருந்தது எனக்கு. நம் மருந்தால் வந்தது இல்லை. பட்டினி, வெயில், வயிற்றுப்போக்கு. க்ளுக்கோஸ் ஏற்றி, மாலைவரை படுக்கவைத்து வீட்டுக்கு அனுப்பினால் போதும். இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினால் பதில் மறுநாள்தான் வரும். அன்றைய நிலை அது. நான் க்ளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டேன். ஆனால் அந்த நாடி மட்டும் என் விரலுக்கடியில் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மாலாவுக்கு முதல் மாதமே அத்தனை தடவை கழிவறைக்கு ஓடவைத்தது மாவா என்று ஒரு கேள்வி வந்தது.  வெயிலுக்கு நிறையத் தண்ணீர் குடித்திருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் சுந்தரி ஓடி வந்தார். தலைமுடியிலெல்லாம் கம்பளி நூல் பிசிறு.

“பயப்படாதீங்க” என்றார் டாக்டர். “மாத்திரையால வந்தது இல்லை. தங்கச்சிக்கு மாவுதான்.”

“மாவுன்னா சொன்னாங்க?”

“ஆமா. இப்பத்தான் கேட்டேன்.”

“நிச்சயமா மாவு?”

“நிச்சயமா.”

சுந்தரி தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஊசியை எடுத்து நரம்பைத் தேடினேன். திடீரென்று என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். அந்தப் பிடி எனக்கு வலித்தது.

“போடாதீங்க மதாம். போன்ல சொன்னது சரியில்லை.”

“என்ன சரியில்லை?”

“அய்யோ, எல்லாம் கலந்துட்டோம்.”

நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார். மூன்றாவது மாதத்திலிருந்து, புட்டி வாங்கும் சனிக்கிழமை எல்லாப் பெண்களும் நேராகக் கோவில் சமையல்கட்டுக்குப் போவார்கள். எல்லா மாத்திரையையும் ஒரு பெரிய தேக்சாவில் கொட்டிக் கலந்து, அவரவர் புட்டியில் அளவாகத் திருப்பி நிரப்பிக்கொள்வார்கள். கோவிலுக்கு யார் கொண்டுவந்த வாழைப்பழம் யார் கைக்குத் திரும்புகிறது என்று அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை. எல்லாம் ஓரிடத்தில் சேரும், எல்லோருக்கும் பகிர்ந்து வரும். மாத்திரையும் அப்படியே போயிற்று. எல்லோருக்கும் பாதி மருந்து கிடைக்கும். கழிவறைக் கட்டைக்குத் திட்டு வாங்குவதும் எல்லோருக்கும் பாதிப் பாதி.

 இத்தனை மாதக் குழப்பமும் அந்தத் தேக்சாவில் கிடந்திருக்கிறது. டாக்டர் கத்தவில்லை. அவர் வேகமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப மாலா ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து சாப்பிட்ட மாதிரி. அதுல இவ்வளவு ஆகக்கூடாதே. ஒரு நாளைக்கு ஒண்ணுதானே?”

சுந்தரி தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

“சுந்தரி, நேரம் இல்லை. ஒண்ணுதானே?”

“ரெண்டு.”

“இன்னொண்ணு யாரோடது?”

“என்னோடது. முதல் மாசத்துலேருந்தே.”

 டாக்டர் என் கையிலிருந்த ஊசியை வாங்கி ஓரமாக வைத்தார். அந்த நேரத்தில் வெறும் க்ளுக்கோஸ் ஏற்றியிருந்தால் இரத்தத்தில் மிச்சமிருந்த அந்த உப்பும் இன்னும் குறைந்திருக்கும். அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மாவு என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போன் செய்து, இதயப் படத்துக்கும் பொட்டாசியம் ஏற்றுவதற்கும் ஏற்பாடு செய்தார். கரும்புக் காட்டு ரோட்டில் வண்டி குதித்துக் குதித்துப் போனது. நான் மாலாவின் நாடியை விடவே இல்லை. எதிரே சுந்தரி முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்கு அவர்மேல் கொலைவெறிக் கோபம். அதே நேரம் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

மாலா பிழைத்தார். மறுநாள் நான் போனபோது உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார் என்று சொல்லித்தான் அக்கா இரண்டாவது மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். விஷயம் அன்று காலைதான் மாலாவுக்குத் தெரிந்தது.

“அப்ப நீ என்ன போட்டே, அக்கா?”

“ஒண்ணும் போடலை.”

“எத்தனை மாசமா?”

“விடு.”

மாலா தம்ளரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “மதாம், அந்த அழுத்தம் பாக்கற பட்டையை அவளுக்குக் கட்டுங்க. இப்பவே.”

கட்டினேன். எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி கட்டினேன். லேசான அழுத்தம் என்று ஆராய்ச்சியில் சேர்ந்தவர், லேசு என்ற சொல்லை எங்கோ விட்டுவிட்டு மேலே ஏறியிருந்தார். அம்மாவைப் படுக்கையில் போட்ட எண்ணுக்குப் பக்கத்து எண். அன்று சாயங்காலமே சுந்தரிக்கு உண்மையான மருந்து ஆரம்பித்தோம், ஆராய்ச்சிக்கு வெளியே. முதல் மாத்திரையை மாலா கையாலேயே கொடுத்து, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பெரிய டாக்டரிடம் கேட்டேன், இவர்கள் செய்தது சரியா தப்பா என்று. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மனுஷர், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். “மருந்து நல்லதான்னு தெரிஞ்சுக்கத்தான் பாதிப் பாதியா பிரிச்சோம். அது ஞாயம்” என்றார். கொஞ்சதூரம் போய், “என் அக்காவா இருந்தா நானும் தேக்சா தேடியிருப்பேன்” என்றார். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று கேட்டேன். தெரியவில்லை என்று தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டி நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

சுயாக்கில் ஆராய்ச்சியை மூடவேண்டியதாயிற்று. கலந்துபோன கணக்கை வைத்துக்கொண்டு எதையும் சொல்லமுடியாது. மூடுவதற்கும் குழுவைக் கூட்டவேண்டும் என்பது நிபந்தனை. கோவில் மண்டபத்தில் உட்கார்ந்தோம். ஆராய்ச்சியில் சேர்ந்த பெண்கள் எல்லோரும் பின்னால் நின்றார்கள். மாலாவும் வந்திருந்தார், காவடி எடுக்காத வருத்தத்தோடு. டாக்டர் திட்டவில்லை. கலந்தால் என்ன ஆகும் என்பதை மாலாவை வைத்தே விளக்கினார். யாருக்கு எவ்வளவு போகிறது என்று தெரியாமல் போனதால்தான் அவரைக் கிட்டத்தட்ட இழந்தோம் என்றார். பெண்களில் சிலர் அழுதார்கள். இனி எல்லோரையும் அரசாங்க மருந்தகத்தில் தொடர்ந்து பார்ப்போம், தேவைப்பட்டவர்களுக்கு மருந்து உண்டு என்றும் சொன்னார்.

பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டிய காரணத்தை வாசித்தார். “பங்கேற்றவர்கள் ஒத்துழைக்கவில்லை.”

கோவில் தலைவர் எழுந்தார். “ஒத்துழைக்கலைன்னா எப்படி? ஒரு ஆள் ஒரு சனிக்கிழமை தவறலையே. கூப்பிட்டப்பல்லாம் இரத்தம் கொடுத்தாங்க.”

“அது உண்மைதான்.” டாக்டர் அந்த வரியை அடித்தார். “விதிகள் புரியலைன்னு போடட்டுமா?”

“புரிஞ்சுதான் கலந்தோம்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அதையும் அடித்தார்.   ஏமாற்றினார்கள் என்று எழுதலாமா என்று நான் யோசித்தேன். யாரை? ஒருவர் பங்கை இன்னொருவர் திருடவில்லையே. கடைசியில் அவர் சுந்தரியைப் பார்த்தார்.

“நீங்க குழுவுல இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க. என்ன எழுதறது?”

சுந்தரி எழுந்து நின்றார். மாலா அவர் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தார்.  சுந்தரி கிரியோலில் ஆரம்பித்து, அதை விட்டுவிட்டு, எனக்காகவோ என்னவோ, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னார்.

“பயம். எங்க எல்லாருக்கும் பயம். அதை எழுதுங்க, தொக்தேர்.”

டாக்டர் எழுதினார். எழுதியதைக் குழுவுக்கு ஒருமுறை வாசித்தும் காட்டினார். சுந்தரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று இந்தமுறை நாங்கள் அவரிடமே கேட்டோம்.